எட்டுப் பத்து பஸ்ஸில் ஏழு பேர்

ஜூலை 2, புதன்

கம்பெனியில் இவருக்கு வருஷா வருஷம் டைரி கொடுக்கிறார்கள். எழுதித் தீர்ப்பது நான். ஜனவரியிலிருந்து இதில் இருப்பதெல்லாம் சிலிண்டர் மாற்றிய தேதியும் பால் வராத நாட்களும்தான். இன்றைக்கு உருப்படியாக எழுத ஒரு விஷயம் கிடைத்தது. மகிழ் இரண்டாவது சொல்லைப் பேசிவிட்டாள்.

மகிழ் எங்கள் மாடியில் குடியிருக்கும் தேவகியின் பெண். நாலு வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. போன வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்தார்கள். திங்கள், புதன், வெள்ளி பேச்சுப் பயிற்சி. எங்கள் நகரிலிருந்து எட்டுப் பத்து பஸ்ஸில் ஸ்டேஷன், அங்கிருந்து ரயில். தேவகியின் வீட்டுக்காரர் லாரியோடு பாதி மாதம் வெளியூரில் இருப்பார், அலைச்சல் முழுக்க இவளுக்குத்தான். எட்டு மாதப் பயிற்சியில் "ம்மா" என்ற ஒன்றுதான் வந்திருந்தது.

இன்று நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். ஸ்டேஷன் பக்கத்துப் பள்ளியில் எனக்கு ஆபீஸ் வேலை, தினமும் எட்டுப் பத்துதான். வழக்கம்போல் மூச்சுவிட இடமில்லாத கூட்டம். கண்டக்டர் தங்கவேலு இடித்துப் பிடித்து எங்கள் சீட்டருகே வந்தார். மகிழ் அவரைப் பார்த்தாள், உள்ளங்கையைக் காட்டி ஆட்டினாள், தெள்ளத்தெளிவாக "வேணாம்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. தேவகி மட்டும் அழுதாள். சாயங்காலம் கேசரி கிண்டி மாடிக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 4, வெள்ளி

நிறுத்தத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். காலை 8.10, மாலை 4.40 நடைகள் ஆகஸ்ட் 1 முதல் நிறுத்தப்படும். காரணம்: போதிய பயணிகள் இன்மை.

நாங்கள் முப்பது பேர் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்துத்தான் அதைப் படித்தோம். தையல்காரி நூர்ஜஹான், "போதிய கண்ணு இன்மைன்னு எழுதியிருக்கணும்" என்றாள். எல்லோரும் சத்தம் போட்டார்கள். தேவகியோ மகிழின் காதுக்குப் பின்னால் கருவி சரியாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த பஸ் ஒன்பதே முக்காலுக்கு. அதில் போனால் பயிற்சி முடிந்துவிடும். வாரம் மூன்று நாள் ஆட்டோவெல்லாம் அவளுக்குக் கட்டுப்படியாகாது. ஐந்து வயதுக்குள் எவ்வளவு பேச்சு வருகிறதோ அதுதான் அஸ்திவாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மார்ச்சில் மகிழுக்கு ஐந்து.

ஜூலை 6, ஞாயிறு

எங்கள் போர்ட்டிகோவில் மகளிர் குழுக் கூட்டம். பன்னிரண்டு பேர், இரண்டு தட்டு பஜ்ஜி. குழுவில் அரசியல் பேசக்கூடாது என்பது முதல் விதி. எழுதியது நான். எனக்கு அரசியல் பிடிக்காது. பஸ் கேட்பது அரசியல் ஆகாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பள்ளி ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம். ரசீது இல்லாமல் ஒரு சாக்பீஸ் பெட்டிகூட உள்ளே வரவிட மாட்டேன் என்று எனக்கு நல்ல பெயரோ கெட்ட பெயரோ உண்டு. மனுவில் தேவகியைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். வாசித்தபோது அவளே, "என் பேர வேணாம்க்கா, எல்லாருக்குந்தானே பஸ்ஸு" என்றாள். எடுத்துவிட்டேன். ஆனால் கையெழுத்து வாங்கப் போன வீட்டிலெல்லாம் நூர்ஜஹான் அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 9, புதன்

மூன்று நாளில் இருநூற்று முப்பத்தொரு கையெழுத்து. நாலாவது தெருவில் ஒரு வீட்டில் காபி, ஒரு வீட்டில் நாய்.

சாயங்காலம் கவுன்சிலர் அன்னபூரணி வீட்டுக்குப் போனோம். அவருடைய வீட்டுக்காரர்தான் பேசினார், அவர்தான் மனுவை வாங்கினார், அவர்தான் ஆவன செய்வதாகச் சொன்னார். கவுன்சிலர் எங்களுக்கு மோர் கொண்டுவந்து வைத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது மட்டும் மெதுவாக, "இருவதாம் தேதி பகுதி சபைக் கூட்டம் இருக்கு. டெப்போ ஆளையும் வரச் சொல்லியிருக்கேன். அங்க வந்து கேளுங்க" என்றார். கேட்டுக்குள் திரும்பிப் போகும்போது முகத்தை மறுபடி மோர் கொடுக்கிற முகமாக மாற்றிக்கொண்டார்.

ஜூலை 11, வெள்ளி

அரை நாள் லீவு போட்டு டெப்போவுக்குப் போனேன். நூர்ஜஹானும் வந்தாள். மேலாளர் சிவஞானம் மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். எட்டுப் பத்து நடையில் ஆறு மாதச் சராசரி: ஏழு பேர்.

ஏழு பேர் என்பது படிக்கட்டில் தொங்குபவர்கள் மட்டும் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கிழிச்ச டிக்கெட்டுதாம்மா எங்களுக்குக் கணக்கு. லேடீஸுக்குக் காசு இல்லேன்னாலும் ஜீரோ டிக்கெட்னு ஒண்ணு உண்டு. அதுவும் இதுல சேரும். சேர்ந்துதான் ஏழு" என்றார். உங்கள் புத்தகம் பொய் சொல்கிறது என்று சற்றே உரக்கச் சொல்லிவிட்டு வந்தேன். நான் மேஜையில் தட்டியதில் தண்ணீர் டம்ளர் விழுந்தது என்று நூர்ஜஹான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டம்ளர் ஓரத்தில் இருந்தது.

ஜூலை 14, திங்கள்

பஸ்ஸில் மகிழ் மறுபடி "வேணாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைவலி. சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

எழுதிவிட வேண்டியதுதான். இதை யாரும் படிக்கப் போவதில்லை.

அந்தக் குழந்தை "வேணாம்" என்ற சொல்லை எங்கிருந்து பிடித்தாள்? வீட்டில் தேவகி அவளிடம் "குடு", "வா", "பால்" என்றுதான் சொல்லிக்கொடுக்கிறாள். நேற்று தங்கவேலு முன்வாசலிலிருந்து எங்கள் சீட் வரை வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு பெண்ணாக உள்ளங்கையைக் காட்டி ஆட்டுகிறாள். வேணாம் தம்பி. வேணாம்ப்பா. வேணாம் கண்டக்டரே. நாற்பது வேணாம். வாரம் மூன்று நாள், எட்டு மாதம், அந்தச் சின்னக் காதுக்குள் முதலில் போய் உட்கார்ந்தது அதுதான்.

அத்தனை பேருக்கும் அதைப் பழக்கிவிட்டது நான்.

இரண்டு வருஷம் முன்பு தங்கவேலு இந்த ரூட்டுக்குப் புதிது. கூட்டத்தில் பை ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம் என்று நசுங்கிக்கொண்டு எங்களுக்கு ஜீரோ டிக்கெட் கிழித்துக் கொடுக்க வருவார். "காசு குடுக்காத டிக்கெட்டு எதுக்குத் தம்பி, பேப்பரை எதுக்கு வீணாக்குறீங்க, ஆம்பளைங்களைப் போய்ப் பாருங்க" என்று நான்தான் சொன்னேன். என்னைப் பார்த்து பக்கத்து சீட், அதைப் பார்த்துப் பின் சீட். ஒரே மாதத்தில் நகர் முழுக்க அதுதான் நாகரிகம் என்று ஆகிவிட்டது. அவரும் முதலில் தயங்கினார், பிறகு விட்டுவிட்டார்.

பேப்பர் மேல் இருந்த அக்கறை ஒன்று. இன்னொன்றும் உண்டு. முன்னால் நிற்கிற ஆண்பிள்ளை காசு நீட்டி வாங்க, நான் சும்மா கையை நீட்டி வாங்குவது எனக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லும்போது ஏதோ நான் அவருக்கு உபகாரம் செய்வது போல் இருந்தது. ரசீது இல்லாமல் சாக்பீஸ் வாங்காதவள் இரண்டு வருஷம் டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் போயிருக்கிறேன்.

சிவஞானத்தின் ரிஜிஸ்டர் பொய் சொல்லவில்லை. டம்ளரையும் நான்தான் தள்ளினேன்.

ஜூலை 17, வியாழன்

குழு அவசரமாகக் கூடியது. நூர்ஜஹான் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்துவிட்டாள்: டிக்கெட் கிழிக்காமல் விட்டது தங்கவேலு, அவர்மேல் புகார் கொடுத்தால் பஸ் தப்பிக்கும். எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்த நிம்மதி. இரண்டாவது மனுவையும் என்னையே எழுதச் சொன்னார்கள்.

நாம் வாங்கவில்லையே என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன். பஜ்ஜி சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொல்லிப் பார்க்கவில்லை.

ராத்திரிச் சமையலுக்கு முன் மனுவோடு உட்கார்ந்தேன். மூன்று வரிக்குமேல் பேனா எழுதவில்லை. மை தீர்ந்துவிட்டது என்று இவரிடம் சொன்னேன். "மூடியக் கழட்டிட்டு எழுதிப் பாரேன்" என்றார். மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஜூலை 19, சனி

தங்கவேலுவுக்கு இரண்டு பெண் குழந்தைகளாம். இதை எனக்கு இன்றைக்கென்று யார் சொல்லச் சொன்னார்கள் என்று தெரியவில்லை, ஸ்டேஷன் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே அவரே சொன்னார். தன்மேல் புகார் வரப்போவது அவருக்குத் தெரியாது. எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குப் போனேன். தேவகி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகிழுக்கு முன்னால் ஒரு கரண்டி, ஒரு பந்து, ஒரு சீப்பு. "குடு" என்றால் எடுத்துக் கொடுக்க வேண்டும், இது வீட்டுப் பாடம். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் பெண்ணின் பஸ்ஸை நிறுத்தியது நான்தான் என்றேன்.

தேவகி மடித்த துணியையே மறுபடி மடித்தாள். பிறகு, "நானும் வாங்கலதானேக்கா. ஓசி டிக்கெட்டக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறது எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

நான் ஆரம்பித்து வைத்தேன், நீ பின்னால் வந்தாய், இரண்டும் ஒன்றில்லை என்றேன்.

"ஒண்ணில்லதான். அதனால நாளைக்கு மைக்க நீங்கதான் புடிக்கணும். நான் பேசினா அழுதுடுவேன், அவங்க பாவம்னு சொல்லிட்டு அனுப்பிச்சிடுவாங்க. எனக்குப் பாவம் வேணாங்க்கா, பஸ்ஸு வேணும்."

மகிழ் சீப்பை எடுத்து என் கையில் வைத்தாள். நான் கேட்காமலே.

ஜூலை 20, ஞாயிறு

நாகப்பன் தெரு சமுதாயக் கூடத்தில் பகுதி சபை. வழக்கமாகப் பதினைந்து பேர் வருவார்களாம். இன்று நூற்றைம்பதுக்குக் குறையாது, நாற்காலி போதாமல் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கினார்கள். முன்வரிசையில் கவுன்சிலரின் வீட்டுக்காரர். சிவஞானம் சார் ரிஜிஸ்டரோடு வந்திருந்தார். தங்கவேலுவையும் அழைத்து வந்திருந்தார்கள். கதவோரம் நின்றார், நூர்ஜஹான் அவரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

சாக்கடை, தெருவிளக்கு, கொசு எல்லாம் முடிந்து பஸ் வந்தது. கவுன்சிலரின் வீட்டுக்காரர் எழுந்து மைக்குக்குக் கை நீட்டினார். அன்னபூரணி அவரைத் தாண்டி மைக்கைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, "நீங்க உக்காருங்க, அவங்க பேசட்டும்" என்றார். யாரிடம் சொன்னார் என்பதில் சந்தேகமே இல்லை. அவர் உட்கார்ந்தார்.

எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தால் எழுத்துகள் ஓடின. மடித்துவிட்டேன்.

"எட்டுப் பத்து பஸ்ஸுல ஏழு பேர்தான்னு சார் புஸ்தகம் சொல்லுது. அது சரி. நாங்க நாப்பது பேர் கணக்குலயே இல்ல. ஏன்னா டிக்கெட் வேணாம்னு சொன்னோம். மொதல்ல சொன்னது நான். பேப்பர் மிச்சம்னு சொன்னேன், உள்ளுக்குள்ள வெக்கம். குடுக்காம விட்டதுல கண்டக்டர் தம்பிக்குப் பங்கு உண்டு, ஆனா அவர் கையப் புடிச்சுத் தடுத்தது நாங்க. சார் டேபிள்ல டம்ளரத் தள்ளுனதுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

குழுப் பெண்கள் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அப்போது பின்னாலிருந்து நூர்ஜஹான் எழுந்தாள். "நானும் வாங்கல சார்" என்றாள். அப்புறம் குழுவில் இருக்கும் சகுந்தலா. அப்புறம் மூன்றாவது தெருவே எழுந்தது. நாற்காலிகள் நகரும் சத்தம் எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. தேவகி மகிழைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், அழவில்லை.

இரண்டு வாரம் புதிதாக எண்ணிப் பாருங்கள், பஸ் காலியாக இருந்தால் நானே நோட்டீஸ் ஒட்டுகிறேன் என்று முடித்தேன். சிவஞானம் சார் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். எழுத்தில் கொடுங்கள் என்று கவுன்சிலர் சொன்னார், தன் கையாலேயே வாங்கி எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். நாளை முதல் ஆகஸ்ட் 3 வரை எண்ணிக்கை. அதுவரை நடை நிற்காது.

வெளியே வரும்போது தங்கவேலு என்னைப் பார்த்து, "யக்கா, நாளைக்கு ரெண்டு கட்டு கூடுதலா எடுத்துட்டு வரேன்" என்றார். அவருக்கு மெமோ உண்டு, ஆனால் அதோடு சரி என்று சார் சொன்னாராம்.

ஜூலை 21, திங்கள்

ஐம்பத்திரண்டு டிக்கெட். தங்கவேலு ஸ்டேஷனில் இறங்கும்போது விரல்களை உதறிக்கொண்டிருந்தார்.

ஜூலை 23, புதன்

ஞாயிறன்று பெண்களையெல்லாம் சும்மா இரண்டு ரவுண்டு ஏற்றி இறக்கினால் எண்ணிக்கை எகிறிவிடும் என்று இவர் யோசனை சொன்னார். அதற்குப் பெயர் கள்ள ஓட்டு என்றேன். "நீதான் அரசியல் பேச மாட்டியே" என்றார். தோசையைத் திருப்பிப் போட்டேன்.

ஜூலை 26, சனி

நூர்ஜஹான் நிறுத்தத்தில் நின்றுகொண்டு எல்லோருக்கும் வகுப்பு எடுக்கிறாள். டிக்கெட்டை எங்கே வைப்பது என்பதில் நகர் மூன்றாகப் பிரிந்துவிட்டது: பர்ஸ், வளையலுக்குள், செல்போன் கவருக்குள். சகுந்தலா ஐந்து நாள் டிக்கெட்டையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள்.

மகிழ்தான் திருந்தவில்லை. நாற்பது பேர் கை நீட்டுகிறோம், அவள் மட்டும் பழையபடி "வேணாம்". பயிற்சி கொடுக்கும் டீச்சர், சொல்லின் அர்த்தம் தெரியாமல் சத்தத்தை மட்டும் பிடித்திருக்கிறாள், போகப் போகத் தெரியும் என்றாராம். தேவகிக்கு அதில் வருத்தம். எனக்கு அதைவிட.

ஜூலை 30, புதன்

மழை. பஸ் ஒழுகியது. நாற்பத்தொன்பது.

ஆகஸ்ட் 4, திங்கள்

சராசரி ஐம்பத்தொன்று. சிவஞானம் சாரே போன் செய்தார். எட்டுப் பத்தும் நாலு நாற்பதும் தொடரும். பழைய நோட்டீஸைக் கிழிக்க யார் போவது என்று போட்டி. கடைசியில் தேவகி கிழித்தாள், ஓரம்கூட மிச்சமில்லாமல் நகத்தால் சுரண்டி எடுத்தாள். பிறகு நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

மோர் கொண்டுவந்த அன்னபூரணிக்கு இன்று நாங்கள் மோர் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கன்வாடிக்குக் குழாய் வேண்டும் என்று அடுத்த மனுவையும் கையோடு கொடுத்துவிட்டு வந்தோம். குழுவின் முதல் விதியை அடித்துவிடலாமா என்று நூர்ஜஹான் கேட்டாள். பென்சிலால் அடித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று நடந்ததை இவரிடம் சொல்லி முடிக்கவே அரை மணி ஆயிற்று.

எட்டுப் பத்து. தங்கவேலு வந்தார், எனக்குக் கிழித்துக் கொடுத்தார், தேவகிக்குக் கொடுத்தார். மகிழைப் பார்த்து, வழக்கமான "வேணாம்"க்காகக் காத்து நின்றார். மகிழ் என் கையில் இருந்த டிக்கெட்டைப் பார்த்தாள். அம்மா கையைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி நீட்டினாள்.

"குடு."

தங்கவேலு திகைத்துவிட்டார். அஞ்சு வயசு ஆகலேக்கா, இவளுக்கு டிக்கெட் கிடையாதே என்று என்னைப் பார்த்தார். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. நான் என்னுடையதை அதில் வைத்தேன். விரல்களை மூடிக்கொண்டாள். தேவகி என் தோளைப் பிடித்த பிடியில் இன்னும் வலிக்கிறது.

அடுத்த நிறுத்தத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். இன்றைக்கென்று. ஒவ்வொருவராக நீட்டினார்கள், பர்ஸிலிருந்து, வளையலிலிருந்து, செல்போன் கவரிலிருந்து. என்னிடம் வந்தார்.

"உங்க டிக்கெட்டும்மா?"

மைக் பிடித்துப் பேசி, இந்த நகருக்கே டிக்கெட் வாங்கக் கற்றுக்கொடுத்த நான் வெறும் கையோடு நின்றேன். அது மகிழிடம் இருக்கிறது, ஒரு நிமிஷம் என்றேன். அவளிடம் குனிந்து, "குடு கண்ணு, மாமாகிட்ட காட்டிட்டுத் தர்றேன்" என்று கேட்டேன்.

மகிழ் மூடிய கையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

"வேணாம்" என்றாள், ஒவ்வொரு எழுத்தும் அர்த்தத்தோடு.